511 வெற்றி என்றால் எவ்வளவு பெரிது? பழைய பேஸ்பால் பிட்சர்களின் கணக்கைப் படிக்கும் விதம்

அமெரிக்கப் பேஸ்பாலில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கு 1956 முதல் தரப்படும் விருது சை யங் பெயரில் இருக்கிறது. 1890 முதல் 1911 வரை 22 சீசன்களில் அவர் எடுத்த வெற்றிகள் 511. அடுத்த இடத்தில் இருக்கும் வால்டர் ஜான்சனுக்கு 417. இடையில் 94 வெற்றி. இன்றைய பிட்சர் ஒருவர் சீசனுக்கு 20 வெற்றி எடுத்தாலே பெரிய விஷயம் என்பதால், இந்த எண்ணை முதலில் பார்ப்பவர் ஒன்று வாயைப் பிளப்பார், அல்லது 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எறிந்தார்கள்' என்று தள்ளிவிடுவார். எல்லாரும் அப்படி எறியவில்லை என்பதை எளிதாகக் காட்டலாம். ஆனால் அதை 511 என்ற எண் தனியாக நின்று காட்டாது. பக்கத்தில் சரியான ஆட்களை, சரியான ஆண்டுகளை நிறுத்த வேண்டும்.

முதலில் அடிப்படை. பிட்சர் என்பவர் பந்தை எறிபவர். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ், ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட். கிரிக்கெட் பௌலரின் சராசரி ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்வதுபோல, பேஸ்பாலில் இ.ஆர்.ஏ. என்ற கணக்கு 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும். ஒரு வித்தியாசம்: பீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, பிட்சரின் பொறுப்பில் விழும் ரன்களை மட்டுமே எடுப்பார்கள். எண் குறையக் குறைய நல்லது.

கணக்கு இப்படி: பொறுப்பு ரன்களை 9-ஆல் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். சை யங் மொத்தம் எறிந்தது 7,356 இன்னிங்ஸ், பொறுப்பு ரன்கள் 2,147. விடை 2.63.

இங்கேயே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பேஸ்பால் பட்டியல்களில் 371.1 இன்னிங்ஸ் என்று இருந்தால் அது தசமம் இல்லை. 371 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் என்று பொருள், அதாவது 371⅓. 371.2 என்றால் 371⅔. எக்செலில் அப்படியே ஒட்டிக் கூட்டினால் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பும், 22 சீசன் கூட்டும்போது பட்டியலில் உள்ள மொத்தத்தோடு உங்கள் மொத்தம் ஒட்டாது. முதலில் எல்லாவற்றையும் அவுட்களாக மாற்றி (371 × 3 + 1 = 1,114) கூட்டிவிட்டுக் கடைசியில் 3-ஆல் வகுப்பதே பாதுகாப்பு.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கீழே உள்ள ஐந்து பேரையும் பாருங்கள். சில எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட் கால்வின்: 365 வெற்றி, 310 தோல்வி, 6,003 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.85
கிட் நிக்கல்ஸ்: 361 வெற்றி, 208 தோல்வி, 5,067 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.96
சை யங்: 511 வெற்றி, 315 தோல்வி, 7,356 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.63
கிறிஸ்டி மேத்யூசன்: 373 வெற்றி, 188 தோல்வி, 4,788 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.13
வால்டர் ஜான்சன்: 417 வெற்றி, 279 தோல்வி, 5,914 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.17

மேலோட்டமாகப் பார்த்தால் கால்வினும் நிக்கல்ஸும் ஏறக்குறைய ஒன்று, இ.ஆர்.ஏ.வில் கால்வின்தான் ஒரு படி மேல். உண்மையில் இந்த ஐவரில் மிகப் பெரிய இடைவெளிகளில் ஒன்று இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. கால்வின் 1892-இல் ஓய்வு பெற்றார். நிக்கல்ஸ் 1890-இல் தொடங்கினார். இருவரின் ஆட்டத்துக்கும் நடுவில் 1893 வந்து நிற்கிறது.

அந்த ஆண்டு பிட்சர் நிற்கும் இடத்தைப் பின்னால் தள்ளினார்கள். அதுவரை பிட்சருக்கு ஒரு செவ்வகப் பெட்டி இருந்தது. அதன் முன் கோடு பேட்டரின் தட்டிலிருந்து 50 அடி, பின் கோடு 55 அடி 6 அங்குலம். 1893-இல் பெட்டியை எடுத்துவிட்டு 60 அடி 6 அங்குலத்தில் ஒரு ரப்பர் பட்டையைப் பதித்தார்கள். இன்று வரை அதே தூரம்தான். பத்தடி தள்ளினார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பழைய விதிப்படியே பிட்சர் பின் கோட்டில் காலை ஊன்றித்தான் எறிய வேண்டும் என்பதால், நிஜத்தில் கூடியது சுமார் 5 அடி. அந்த ஐந்தடியே போதுமானதாக இருந்தது. அப்போதைய ஒரே பெரிய லீகான நேஷனல் லீகின் சராசரி இ.ஆர்.ஏ. 1892-இல் 3.3 அளவில் இருந்தது, 1894-இல் 5.3-ஐத் தொட்டது. சை யங்கின் ஸ்டிரைக் அவுட்கள் (பேட்டர் மூன்று ஸ்டிரைக் ஆகி அவுட் ஆவது) ஒரே ஆண்டில் 168-இலிருந்து 102-க்கு இறங்கின.

அதனால்தான் இ.ஆர்.ஏ.வை அப்படியே ஒப்பிடாமல், அந்த ஆண்டின் லீக் சராசரியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். லீகின் இ.ஆர்.ஏ.வைப் பிட்சரின் இ.ஆர்.ஏ.வால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். பிறகு மைதானம் ரன் அதிகம் தருவதா, குறைவாகத் தருவதா என்று ஒரு திருத்தம் போடுவார்கள். இதற்குப் பெயர் இ.ஆர்.ஏ. பிளஸ். 100 என்றால் லீகின் சராசரி ஆள். 140 என்றால் நல்ல உயரம். இந்தக் கணக்கில் கால்வின் 107, நிக்கல்ஸ் 140. ரன் மழை கொட்டிய காலத்தில் 2.96-ஐப் பிடித்து நிறுத்தியவரும், அதற்கு முன்பு 2.85 எடுத்தவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது.

சை யங்கின் சீசன்களிலேயே இதைச் செய்து பாருங்கள், கை பழகும். 1894-இல் அவர் இ.ஆர்.ஏ. 3.94. லீக் சுமார் 5.3. வகுத்தால் 135-ஐ ஒட்டி வரும். 1905-இல் அவர் இ.ஆர்.ஏ. 1.82, அப்போது அவர் இருந்த அமெரிக்கன் லீகின் சராசரி 2.65. வகுத்தால் 146. 3.94-க்கும் 1.82-க்கும் நடுவே தெரிந்த மலை, 135-க்கும் 146-க்கும் நடுவே ஒரு மேடாகச் சுருங்கிவிட்டது. இரண்டுமே நல்ல சீசன்கள். 1905 கொஞ்சம் மேல். ஆனால் அதே 1905-இல் அவர் வெற்றி–தோல்வி 18–19!

இந்த இடத்தில் வெற்றி என்ற எண்ணைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். ஆட்டத்தின் வெற்றியோ தோல்வியோ ஒரே ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும். அவருடைய அணி பேட்டிங்கில் ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன எறிந்தாலும் தோல்விதான். இதைச் சரிபார்க்க எளிய வழி: அணியின் மொத்த வெற்றி தோல்வியிலிருந்து அந்தப் பிட்சரின் கணக்கைக் கழித்துவிடுங்கள். 1901-இல் பாஸ்டன் அணி 79 வெற்றி, 57 தோல்வி. சை யங் 33 வெற்றி, 10 தோல்வி. மீதி 46–47. அதாவது அவர் எறியாத நாட்களில் அது பாதிக்குப் பாதி ஜெயிக்கும் அணி. 1913-இல் வாஷிங்டன் 90–64, ஜான்சன் 36–7, மீதி 54–57. ஏறக்குறைய அதே படம். 1909-இல் அதே ஜான்சன் 13 வெற்றி, 25 தோல்வி. மோசமான பிட்சர் என்று தோன்றும். அந்த வாஷிங்டன் அணி 42–110. அவரைக் கழித்தால் 29–85. அவர் இ.ஆர்.ஏ. 2.22, லீகை விடக் குறைவு.

இந்தக் கழித்தலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1906-இல் பாஸ்டன் 49–105 என்று கடைசி இடம். சை யங் 13–21. கழித்தால் 36–84, ஆக அவர் மற்றவர்களை விட மேல் என்று வரும். ஆனால் அந்த ஆண்டு அவர் இ.ஆர்.ஏ. 3.19, லீக் 2.69. லீகில் சராசரிக்கும் கீழே. கழித்தல் கணக்கு சக வீரர்களோடு மட்டும்தான் ஒப்பிடும், அந்தச் சக வீரர்களே தள்ளாடினால் யாரும் நிமிர்ந்து தெரிவார். இ.ஆர்.ஏ. பிளஸையும் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, 511-க்கு உண்மையான போட்டியாளர் யார்? ஜான்சன் என்று பலர் சொல்வார்கள். என் கணக்கில் நிக்கல்ஸ். இருவரும் 1890-இல் ஒரே லீகில் தொடங்கினார்கள். 1890 முதல் 1899 வரை நிக்கல்ஸ் எடுத்தது 297 வெற்றி, சை யங் 267. பத்தாண்டு முடிவில் நிக்கல்ஸ் 30 வெற்றி முன்னே. வயதிலோ இரண்டரை ஆண்டு இளையவர். ஏழு சீசன்களில் 30 வெற்றியோ அதற்கு மேலோ எடுத்தவர், சை யங்குக்கு அப்படி ஐந்துதான். நிக்கல்ஸின் பாஸ்டன் அணி அந்தப் பத்தாண்டில் ஐந்து முறை பட்டம் வென்ற அணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வெற்றிகளில் அணியின் பங்கு சை யங்கின் கிளீவ்லாந்தை விடக் கூடுதல். இருந்தாலும் 1899-இல் யாரிடமாவது 'யார் அதிகம் ஜெயிப்பார்' என்று கேட்டிருந்தால் நிக்கல்ஸ் பக்கம் கை நீட்டுவது நியாயமாகவே இருந்திருக்கும்.

1900 முதல் நிக்கல்ஸ் எடுத்தது 64. சை யங் எடுத்தது 244. மொத்த வித்தியாசமும் அங்கேதான். நிக்கல்ஸ் 1902, 1903 இரண்டு ஆண்டும் பெரிய லீகை விட்டுக் கேன்சஸ் சிட்டியில் ஆடி, அணியையும் நடத்தினார். திரும்பி வந்து 1904-இல் 21 வெற்றி எடுத்தார் என்பதால் கை ஓய்ந்துவிடவில்லை. போன இரண்டு ஆண்டுகள் இருந்திருந்தால் 400-ஐத் தொட்டிருக்கலாம், 511-ஐ அல்ல. சை யங் 40 வயதில், 1907-இல், 343 இன்னிங்ஸ் எறிந்தார். 41 வயதில் இ.ஆர்.ஏ. 1.26.

இன்னொரு சமகாலத்தவர் ஏமஸ் ரூசி. வேகத்துக்குப் பெயர் போனவர். தூரத்தைத் தள்ளியதற்கே அவர் பந்து ஒரு காரணம் என்பார்கள். 1894-இல் சை யங் 3.94 எடுத்த அதே லீகில் ரூசி 2.78, வெற்றி 36. உச்சத்தை உச்சத்தோடு வைத்தால் அந்த ஆண்டு ரூசிதான். ஆனால் சம்பளத் தகராறில் 1896 முழுக்க ஆடவில்லை, பிறகு கை போயிற்று, 246 வெற்றியோடு நின்றார். இவர்கள் இருவரையும் பிரிப்பது வாக் என்ற கணக்கு. பிட்சர் நான்கு பந்தைத் தப்பாக எறிந்தால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவார், அதுதான் வாக். 9 இன்னிங்ஸுக்கு ரூசி கொடுத்தது 4.07, சை யங் 1.49. நிக்கல்ஸ் 2.26, ஜான்சன் 2.07, மேத்யூசன் 1.59. 1901-இல் சை யங் 371⅓ இன்னிங்ஸில் கொடுத்த மொத்த வாக் 37. பந்தை வீணாக்காத ஆளுக்கு ஓர் ஆட்டத்தில் எறிய வேண்டிய பந்துகளே குறைவு. அவர் கை 22 ஆண்டு தாங்கியதற்குக் காரணம் தேடுபவர்கள் இந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.

ஸ்டிரைக் அவுட்டை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 9 இன்னிங்ஸுக்கு சை யங் 3.43, ஜான்சன் 5.34. ஜான்சன் வேகமானவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சை யங்கின் காலத்தில் பாதி வரை, பேட்டர் பந்தைத் தட்டிக் கோட்டுக்கு வெளியே அனுப்பினால் அது ஸ்டிரைக் ஆகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டிக்கொண்டே நிற்கலாம். முதல் இரண்டு தட்டல்களை ஸ்டிரைக்காக எண்ணும் விதி நேஷனல் லீகில் 1901-இலும் அமெரிக்கன் லீகில் 1903-இலும்தான் வந்தது. ஜான்சன் 1907-இல் வந்தவர், அந்த விதியின் நிழலில்தான் முழுக்க ஆடினார். ஆகவே ஸ்டிரைக் அவுட்டில் சை யங்கை நிக்கல்ஸோடும் (3.34) ரூசியோடும் (4.64) ஒப்பிடுங்கள், ஜான்சனை மேத்யூசனோடு (4.71) ஒப்பிடுங்கள்.

முழு ஆட்டங்கள் என்ற சாதனையும் இப்படித்தான். தொடங்கிய 815 ஆட்டங்களில் 749-ஐ சை யங்கே எறிந்து முடித்தார், கிட்டத்தட்ட 92 சதவீதம். இன்று எண்ணிப் பார்க்கவே முடியாத எண். ஆனால் ரூசியும் 92 சதவீதம். நிக்கல்ஸ் சுமார் 95. அது காலத்தின் வழக்கம். பின்னால் வந்த ஜான்சன், மேத்யூசன் இருவரும் 80 சதவீதத்தை ஒட்டி. இங்கே 749 என்ற மொத்தம் சாதனை, 92 என்ற விகிதம் சாதாரணம்.

பொறுப்பு ரன் என்ற பிரிப்பிலும் ஒரு சிக்கல். சை யங் விட்டுக்கொடுத்த மொத்த ரன் 3,167. அதில் பொறுப்பு ரன் 2,147. மூன்றில் ஒரு பங்கு ரன் பீல்டிங் பிழையின் கணக்கில் போய்விடுகிறது! ஜான்சனுக்கு மொத்தம் 1,902 ரன், பொறுப்பு ரன் 1,424. பிழைக் கணக்கில் போவது நான்கில் ஒரு பங்கு. அப்போதைய கையுறைகள் சின்னவை, தரை கரடுமுரடு, பிழைகள் அதிகம். போதாததற்கு, இ.ஆர்.ஏ.வை லீக்குகள் அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியதே நேஷனல் லீகில் 1912-இலும் அமெரிக்கன் லீகில் 1913-இலும்தான். அதற்கு முந்தையவை எல்லாம் பழைய ஸ்கோர் அட்டைகளிலிருந்து பிற்காலத்தில் கணக்கிட்டவை. ஒரு புத்தகத்தில் சை யங்கின் தோல்வி 315, இன்னொன்றில் 316 என்று இருப்பதும் இதனால்தான். வெற்றியைத் தொடங்கிய பிட்சருக்குக் கொடுப்பதா, பின்னால் வந்தவருக்குக் கொடுப்பதா என்பதில் அன்று ஒரே விதி இல்லை. ஒரே பிட்சருக்கு இரண்டு புத்தகத்திலிருந்து எண்களைக் கலக்காதீர்கள். ஐவரை ஒப்பிட்டால் ஐவரையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷனைச் சேர்க்கிறதா என்பதையும் பாருங்கள்: அதைச் சேர்த்தால் ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு 250-க்கு மேல் வெற்றி, விட்டுவிட்டால் 48.

லீகின் தரம் என்பதைத்தான் எந்தச் சூத்திரமும் முழுதாகப் பிடிப்பதில்லை. 1901-இல் சை யங் 1.62 எடுத்தார், லீக் 3.66, திருத்தம் போட்டபின் இ.ஆர்.ஏ. பிளஸ் 220-ஐ ஒட்டி வரும். அவருடைய ஆகச் சிறந்த சீசன் என்று எல்லாரும் காட்டுவது அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு நேஷனல் லீகில் அவர் 19–19, இ.ஆர்.ஏ. 3.00, அங்கே லீக் சராசரியும் ஏறக்குறைய அதே 3.7. ஒரே ஆண்டில் 34 வயது மனிதர் இவ்வளவு ஏறியதில் ஒரு பங்கு, அமெரிக்கன் லீக் பெரிய லீக்காக அறிவிக்கப்பட்ட முதல் ஆண்டு அது என்பதற்குப் போக வேண்டும். பேட்டர் நாப் லஜோய் .426 என்ற பெரிய பேட்டிங் சராசரி எடுத்ததும் அதே லீகில் அதே ஆண்டுதான். 1901-ஐ நான் கொஞ்சம் தள்ளுபடி விலையில்தான் எடுத்துக்கொள்வேன். 1892-இல், ஒரே பெரிய லீக் மட்டும் இருந்தபோது, 453 இன்னிங்ஸில் 1.93 எடுத்ததை அதற்கு மேலே வைப்பேன்.

மொத்தத்தில் இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பார்த்தால் ஜான்சன்தான் மேல்: இ.ஆர்.ஏ. பிளஸ் 147, சை யங் 138. நிக்கல்ஸ் 140. ஆக, தரத்தில் சை யங் முதல் ஆள் இல்லை. ஆனால் நிக்கல்ஸை விட 2,289 இன்னிங்ஸ் கூடுதலாக எறிந்தும் அந்தத் தரத்தை விடவில்லை. அந்தக் கூடுதல் மட்டுமே ஒரு நல்ல பிட்சரின் முழு வாழ்க்கை. இன்னிங்ஸில் அவருக்கு அடுத்து நிற்கும் கால்வின் 107-இல் நிற்கிறார்.

கடைசியாக ஒரு பயிற்சிக் கணக்கு. ஆடி ஜாஸ் என்ற கிளீவ்லாந்து பிட்சரின் வாழ்நாள் இ.ஆர்.ஏ. 1.89, எல்லாக் காலத்திலும் மிகக் குறைந்தவற்றில் ஒன்று. சை யங்கின் 2.63-ஐ விட எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஜாஸ் ஆடியது 1902 முதல் 1910 வரை மட்டும், ரன் வறண்ட காலம், 2,327 இன்னிங்ஸ், 160 வெற்றி. 1911 ஏப்ரலில் 31 வயதில் இறந்துபோனார். இவரை சை யங்கின் 22 ஆண்டோடு ஒப்பிடக் கூடாது. அதே ஒன்பது சீசன்களை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் சை யங்குக்கு சுமார் 2,815 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.1-ஐ ஒட்டி, 185 வெற்றி. ஒரே லீக், ஒரே ஆண்டுகள், 1909-இலும் 1910-இலும் ஒரே அணி. இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் ஜாஸ் இப்போதும் முன்னே இருக்கிறார், ஆனால் இடைவெளி 0.74-இலிருந்து சுமார் 0.2-க்கு வந்துவிட்டது. அந்த ஒன்பது சீசன்களில் ஜாஸுக்கு வயது 22 முதல் 30. சை யங்குக்கு 35 முதல் 43.